ஓசை குறைந்த சாலை நமக்கும் வேண்டும்!



கோவிந்தாபுரத்திலிருந்து கொல்லங்கோட்டுக்கு வரும் சாலையை ஒட்டிக் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இரவு என்றால் என்ன என்று நாம் விளக்கத் தேவையில்லை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் வருகின்றன. காய்கறி லாரிகள், பால் வண்டிகள், பழனிக்கும் குருவாயூருக்கும் போய்வரும் பஸ்கள் எல்லாம் அந்த ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. மாங்காய்ப் பருவம் வந்துவிட்டால் முதலமடைத் தோப்புகளிலிருந்து புறப்படும் லாரிகளும் சேர்ந்துகொள்கின்றன. பாரம் ஏற்றிய லாரி வரும்போது தரை அதிர்கிறது. பாரம் இறக்கிய லாரி திரும்பும்போது தகரம் அதிர்கிறது. ஒவ்வொரு குழியிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும் இடி இடித்ததுபோல் ஒரு சத்தம். தொட்டிலில் கிடக்கும் குழந்தை திடுக்கிட்டு அழுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து தோப்புக்குப் போக வேண்டிய தாய் கண் மூடுவதே இல்லை.

சில ஆண்டுகளாகக் கொல்லங்கோட்டை இந்தியாவின் அழகான கிராமங்களில் ஒன்று என்று சொல்லி, தென்மலையையும் வயலையும் பனைமரத்தையும் படம் பிடிக்க வெளியூர்க் கார்கள் ஏராளமாக வருகின்றன. வரட்டும். நம் ஊருக்குப் பெயர் வருவதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் படங்களில் சாலையோரத்துப் புறம்போக்குக் குடிசைகள் விழுவதில்லை. அந்தப் படங்களுக்குச் சத்தமும் கிடையாது.

இந்த இதழில் சாலைச் சத்தத்தைப் பற்றியும், அதைக் குறைக்கும் ஒரு வழியைப் பற்றியும் எழுத விரும்புகிறோம். அந்த வழி வேறெங்கும் இல்லை, நாம் தினமும் தாண்டிப் போகும் குப்பையிலேயே கிடக்கிறது. தேய்ந்துபோன டயரும், தூக்கியெறிந்த பிளாஸ்டிக் பையும்தான் அதற்கு மூலப்பொருள்.

"கூலிப் பிரச்சினை இருக்கிறது, பட்டா இல்லை, ரேஷன் கார்டுக்கு அலைகிறோம், இதற்கு நடுவில் சத்தத்தைப் பற்றித் தலையங்கமா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். நம்முடைய பதில் இது: தூக்கம் என்பது தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி. எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் தன் வாழ்க்கைக்கு என்று உலகத் தொழிலாளர்கள் போராடியது காகிதத்தில் எழுதி வைப்பதற்காக அல்ல. வசதி படைத்தவன் சாலையிலிருந்து நூறு கஜம் உள்ளே தள்ளி, சுற்றுச்சுவர் கட்டி, மரம் வைத்து வீடு கட்டிக்கொள்கிறான். சாலையின் விளிம்பில் படுப்பவர்கள் நாம். ஆகவே சத்தத்திலும் வர்க்கம் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2000ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே அந்த விதிகள் வகுத்த எல்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பிய நாடுகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலிலும் சாலைப் போக்குவரத்தின் இரவுச் சத்தம் 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நெடுநாள் இரவுச் சத்தத்தில் வாழ்பவர்களுக்குத் தூக்கம் மட்டும் கெடுவதில்லை. இருதயமும் கெடுகிறது.

டெசிபல் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் நம்மை யாரும் ஏய்க்க முடியாது. இது ரூபாய்க் கணக்கைப்போல் நேராக ஏறுவதில்லை. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரண்டு மடங்காகிறது. அதாவது, ஒரு சாலையில் 3 டெசிபல் குறைத்தால், அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளில் பாதியைக் குறைத்ததற்குச் சமம். பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்றும். எனவே "மூன்று நான்கு டெசிபல்தானே" என்று எவராவது அலட்சியமாகச் சொன்னால், "பாதி லாரிகளை நிறுத்துவதற்குச் சமமய்யா" என்று நாம் பதில் சொல்லலாம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

வண்டியின் சத்தம் என்றால் என்ஜின் சத்தம் என்றே பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். கார்கள் ஏறத்தாழ 40, 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும், என்ஜினைவிட டயரும் சாலையும் உரசும் சத்தமே பெரிதாகிவிடுகிறது. டயரின் கட்டைகள் சாலையின் கல்லில் ஓயாமல் மோதுகின்றன. டயரின் பள்ளங்களுக்குள் சிக்கிய காற்று நசுங்கி வெளியே பீறிடுகிறது. ரப்பர் சாலையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நாம் தூரத்திலிருந்தே கேட்கும் அந்த இரைச்சல். லாரிகளுக்கு இந்தக் கணக்கு சற்று மாறும். அவற்றில் என்ஜின் சத்தம் அதிக வேகம் வரைக்கும் முன்னால் நிற்கும்.

சாலையின் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த இரைச்சல் கூடும், குறையும். பெரிய ஜல்லி துருத்திக்கொண்டு நின்றால் சத்தம் அதிகம். சிறிய ஜல்லி, நடுவில் சிறு இடைவெளிகள், கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும் தார் என்று அமைந்தால் சத்தம் குறைவு. நெதர்லாந்து நாட்டின் விரைவுச் சாலைகளில் பெரும்பாலானவை இப்படி நுண்துளை விட்ட தாரால் போடப்பட்டவை. மழைத் தண்ணீரும் அந்தத் துளைகளில் இறங்கிவிடும். காற்றும் உள்ளே அடங்கிவிடும்.

இதில் பழைய டயருக்கு என்ன வேலை? அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகராட்சியில் வேலை பார்த்த சார்லஸ் மெக்டொனால்ட் என்ற பொறியாளர் 1960களில், வெடித்துப்போன சாலையை ஒட்டுப் போடுவதற்காகப் பழைய டயரைத் தூளாக்கிச் சூடான தாரில் கலந்து பார்த்தார். அவர் தேடியது சத்தத்துக்கு மருந்தல்ல, வெடிப்புக்கு மருந்து. ஆனால் அந்த ரப்பர் தார் போட்ட சாலைகளில் வண்டி ஓடினால் இரைச்சல் குறைவாக இருப்பதைப் பின்னால் மக்களே கண்டுபிடித்தார்கள். சாலையோரத்தில் குடியிருந்தவர்கள் எங்களுக்கும் அதே சாலை வேண்டும் என்று கேட்டார்கள். அதன் விளைவாக 2003இல் அரிசோனா மாநில அரசு ஃபீனிக்ஸைச் சுற்றியுள்ள விரைவுச் சாலைகளில் ஏறத்தாழ 115 மைல் தூரத்துக்கு, ஓர் அங்குல கனத்தில் ரப்பர் தார் விரித்தது. சுமார் 4 டெசிபல் குறையும் என்ற கணக்கில் அந்தத் திட்டம் தொடங்கியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சாலையைக் கொண்டுவந்ததில் பொறியாளருக்கு எவ்வளவு பங்கோ, கேட்ட மக்களுக்கும் அவ்வளவு பங்கு. 

உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும். அந்த ரப்பர் மேற்பரப்பு என்றென்றைக்கும் அமைதியாக இருக்கவில்லை. ஆண்டுகள் போகப் போக அது தேய்ந்தது, பெயர்ந்தது, சத்தமும் கூடியது. இப்போது அரிசோனா பல இடங்களில் அந்த மேற்பரப்பை எடுத்துவிட்டு, அடியிலிருக்கும் கான்கிரீட்டையே வைர வாளால் நுண்ணிய வரிகளாகச் செதுக்கிச் சத்தத்தைக் குறைக்கிறது. ஆகவே ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடும் சாலை என்று எதுவும் கிடையாது. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் திறப்பு விழா மட்டும் நடத்துகிறவர்களிடம் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அதேபோல் நெதர்லாந்துச் சாலையை அப்படியே கொல்லங்கோட்டில் கொண்டுவந்து விரிக்கவும் முடியாது. நம் சாலையில் டிராக்டர் சேறும், டிப்பரிலிருந்து சிந்தும் மணலும் ஆறே மாதத்தில் அந்தத் துளைகளை அடைத்துவிடும். நமக்குப் பொருந்துவது சிறிய ஜல்லியும் ரப்பர் தாரும் சேர்ந்த, குழி விழாத, சமமான மேற்பரப்பு.

மதுரை காட்டிய வழி

இனி பிளாஸ்டிக்குக்கு வருவோம். இது அமெரிக்காவிலிருந்து வந்ததல்ல. நம் மதுரையில் பிறந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், பிளாஸ்டிக்கைத் தடை செய்வது ஒன்றே வழி என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், 2001 வாக்கில் வேறு ஒரு வழியை ஆராய்ந்தார். பிளாஸ்டிக்கைத் தாரில் போடுவதற்குப் பதிலாக ஜல்லியில் போட்டார். ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் துண்டு துண்டாக வெட்டிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அது உருகி ஒவ்வொரு கல்லின்மீதும் எண்ணெய் பூசியதுபோல் படிந்துவிடுகிறது. அதன்பிறகு தாரை ஊற்றிக் கலந்தால் தார் கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் உள்ளே புகுந்து கல்லையும் தாரையும் பிரிக்க முடிவதில்லை.

2002இல் சென்னை ஜம்புலிங்கம் தெருவிலும், 2003இல் ஈரோடு வீரபத்திரன் தெருவிலும், 2004இல் மதுரை வண்டியூர்ச் சாலையிலும் இப்படிச் சாலைகள் போடப்பட்டன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தச் சாலைகளைச் சோதித்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. ஆண்டுகள் கழிந்தும் அவை குழி விழாமல் இருந்தன என்பதே அந்த அறிக்கையின் சாரம். 2013இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கென்று வழிகாட்டு நெறிகளை வகுத்தது. தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் வரை பிளாஸ்டிக் சேர்க்கலாம் என்று அது சொல்கிறது. 3.75 மீட்டர் அகலமுள்ள ஒற்றைச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் போகும். 2018இல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ விருது கொடுக்கப்பட்டது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "பிளாஸ்டிக் சாலை சத்தம் போடாது" என்று சிலர் சொல்வது சரியல்ல. சத்தத்தைக் குறைப்பது முக்கியமாக ரப்பரும், ஜல்லியின் அளவும்தான். பிளாஸ்டிக் செய்வது வேறு வேலை: அது சாலையைக் குழி விழாமல் காக்கிறது. ஆனால் நம் சாலைக்கு அதுவும் சத்தக் குறைப்புதான். ஏனென்றால் நம் வீட்டுக் கூரையை அதிர வைப்பது வழுவழுப்பான சாலையில் ஓடும் கார் அல்ல. குழியில் விழுந்து எழும் காலி டிப்பர். குழி இல்லாவிட்டால் அந்த இடி இல்லை. எனவே பிளாஸ்டிக் சாலையைக் கெட்டியாக்கட்டும், ரப்பர் அதை மென்மையாக்கட்டும் என்பதே நம் கட்சி.

மலையில் இருக்கும் நம் தோழர்களும் இதை யோசிக்க வேண்டும். மூணாறு, பீருமேடு எஸ்டேட்களின் லயங்களை ஒட்டிப் போகும் சாலைகளில் மழை ஆறேழு மாதம் நின்று பெய்கிறது. தண்ணீர்தான் அங்கே தாருக்கு முதல் எதிரி. ஏற்றத்தில் முதல் கியரில் ஏறும் வண்டியின் என்ஜின் சத்தத்தை எந்தச் சாலையும் குறைக்க முடியாது. ஆனால் கல்லும் தாரும் பிரியாத சாலை, போடிமெட்டு வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் தினமும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்கு வந்துபோகும் நம் பெண்களின் உயிரைக் காப்பாற்றும். அங்கே கேட்க வேண்டியது அமைதியைவிட முதலில் உறுதி.

குப்பை யாருடையது, வாசல் யாருடையது?

கேரளத்தில் இதற்கான பொருளுக்குப் பஞ்சம் இல்லை. இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி விளைவது இந்த மாநிலத்தில்தான். ரப்பர் வாரியத்தின் தலைமையகமும் கோட்டயத்தில்தான் இருக்கிறது. இயற்கை ரப்பர் கலந்த தார்ச் சாலைகள் இங்கே பல ஆண்டுகளாகப் போடப்பட்டு வருகின்றன. டயர்த் தூள் கலந்த தாருக்கும் 2004இலேயே இந்தியத் தர நிர்ணயம் வந்துவிட்டது. டயருக்கு ரீட்ரெட் போடும் பட்டறைகளில் உரசித் தள்ளும் ரப்பர்த் தூள் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வீடுவீடாகப் போய்ப் பிளாஸ்டிக்கைச் சேகரிக்க ஹரித கர்ம சேனைப் பெண்கள் இருக்கிறார்கள். சேகரித்ததைத் துண்டாக்கிச் சாலைக் காண்ட்ராக்டர்களுக்கு விற்க 2013 முதல் கிளீன் கேரளா கம்பெனி என்ற அரசு நிறுவனமும் இருக்கிறது.

இவ்வளவும் இருந்தும் குப்பை எங்கே போகிறது? 2023 மார்ச் 2ஆம் தேதி கொச்சி பிரம்மபுரத்தில் மலைபோல் குவித்த குப்பை பற்றியெரிந்தது. பத்து நாட்களுக்கு மேல் அந்த நகரமே விஷப்புகையில் மூச்சுத் திணறியது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டது தெரியவந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரள அதிகாரிகளே லாரிகளுடன் வந்து அதை அள்ளிக்கொண்டு போனார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளிலும் எல்லை தாண்டிய குப்பை லாரிகளை ஊர்மக்கள் பலமுறை பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜல்லியும் மணலும் மேற்கே வருகின்றன. குப்பை கிழக்கே போகிறது. இரண்டும் போகும் வழி நம் வாசல்!

இதைச் சொல்வது மலையாளி மக்கள்மீது பகை வளர்க்க அல்ல. கொல்லங்கோட்டிலும் சிற்றூரிலும் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகின்ற மொழிகள். சாலையோரத்தில் தூக்கமின்றிப் புரளும் மலையாளத் தொழிலாளியின் காதுக்கு வேறு சத்தம் கேட்பதில்லை. பிரம்மபுரத்துப் புகையைச் சுவாசித்தவர்களும் ஏழைகளே. குப்பையைக் கூலி கொடுத்து எல்லை தாண்டி அனுப்புகிறவனும், இரண்டு பக்கத்திலும் பணம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறவனும்தான் நம் எதிரிகள். டன் கணக்கில் சாலைக்குள் போக வேண்டிய பிளாஸ்டிக்கை எல்லைக்கு அந்தப் பக்கம் எறிவது, குப்பையை ஒழிப்பதல்ல. ஏழையின் வீட்டுக்கு மாற்றுவது.

தார் போடும் கை யாருடையது?

இப்போது நம் இதயத்துக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறோம். கேரளத்துச் சாலைகளில் எத்தனை மைல் தமிழன் கையால் போடப்பட்டது என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. காலில் சாக்குச் சுற்றிக்கொண்டு, தலையில் ஜல்லிச் சட்டி சுமந்து, கொதிக்கும் தாரைத் தகர வாளியில் அள்ளி ஊற்றிய ஆண்களும் பெண்களும் நம் பெற்றோர்கள். சாலையோரத்தில் டிரம்மை வைத்து, விறகுக்குப் பதில் பழைய டயரையே எரித்துத் தார் காய்ச்சிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கரும்புகையை யார் சுவாசித்தார்கள்? "பாண்டி" என்று ஏளனமாக அழைக்கப்பட்டவர்கள்தான் சுவாசித்தார்கள். அன்று டயரை அடுப்பில் எரித்தோம். இன்று அதே டயரைச் சாலைக்குள் போடலாம் என்கிறார்கள். நல்லது. ஆனால் அப்போது நம் நுரையீரலுக்கு என்ன வழி என்று கேட்காமல் நாம் கை தட்ட மாட்டோம்.

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, சாலை போடும் தொழிலாளிகள் சுவாசிக்கும் தார்ப்புகை புற்றுநோய் தரக்கூடும் என்று 2011இல் வகைப்படுத்தியது. ரப்பர் கலந்த தாரைச் சாதாரணத் தாரைவிட அதிகச் சூட்டில் வைக்க வேண்டியிருக்கிறது. சூடு கூடினால் புகையும் கூடும். பிளாஸ்டிக்கில் பி.வி.சி. என்ற வகையைச் சேர்க்கவே கூடாது. பைப்புத் துண்டு, பிளெக்ஸ் பேனர், வயர் உறை போன்றவை அந்த வகை. சூடாக்கினால் அதிலிருந்து வரும் அமில வாயு தொண்டையையும் கண்ணையும் எரிக்கும். பையும் உறையும் ஆகிய பாலித்தீன் வகைகள்கூட 250 டிகிரியைத் தாண்டினால் விஷவாயு விடத் தொடங்கும். ஆகவே பிளாஸ்டிக் சாலை நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பதில், மிக்சிங் பிளாண்டில் தெர்மாமீட்டர் வேலை செய்கிறதா, பிரித்தெடுக்கும் மேசையில் போதிய ஆட்கள் இருக்கிறார்களா என்பதில்தான் இருக்கிறது. செலவை மிச்சம் பிடிக்கும் காண்ட்ராக்டர் முதலில் மிச்சம் பிடிப்பது இந்த இரண்டையும்தான்.

இன்னொரு கவலையும் உண்டு. தேயும் சாலையிலிருந்தும் டயரிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மழைநீரோடு ஓடுகின்றன. டயரில் சேர்க்கும் ஓர் இரசாயனம் மாறி உண்டாகும் நஞ்சே அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். மீன்கரை அணையின் தண்ணீரைக் குடிக்கும் ஊர்கள் நம்முடையவை. எனவே சாலையோர வடிகால் நேராகக் கால்வாயில் விழாமல் பார்த்துக்கொள்வதும் இந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக வேண்டும். பயந்து ஒதுங்குவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. சரியாகச் செய்யச் சொல்கிறோம்.

ஆகவே நாம் கோருவது இவை:

முதலாவதாக, மங்கலம்–கோவிந்தாபுரம் சாலையில் வீடுகளும் பள்ளிக்கூடங்களும் நெருங்கியிருக்கும் பகுதிகளில், அடுத்த முறை மேற்பரப்பு புதுப்பிக்கும்போது சிறு ஜல்லியும் ரப்பர் கலந்த தாரும் கொண்டு போட வேண்டும். போடுவதற்கு முன்பும், போட்ட பின்பும், ஒவ்வோர் ஆண்டும் இரவு நேரத்தில் சத்தத்தை அளந்து, அந்த எண்களைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

இரண்டாவதாக, நம் பஞ்சாயத்துகளில் சேரும் பிளாஸ்டிக் நம் பஞ்சாயத்துச் சாலைகளுக்கே முதலில் போக வேண்டும். எத்தனை டன் சேர்ந்தது, எத்தனை டன் சாலைக்குப் போனது என்ற கணக்கைக் கிராமசபையில் வாசிக்க வேண்டும். கணக்கில் காணாமல்போகும் டன்தான் எல்லை தாண்டும் டன்.

மூன்றாவதாக, அதைச் சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களுக்கும், ஆக்ரி பொறுக்கிப் பிழைக்கும் நம் மக்களுக்கும் உரிய விலையும், கையுறையும், மருத்துவப் பரிசோதனையும் கிடைக்க வேண்டும். குப்பை இப்போது மூலப்பொருள் ஆகிவிட்டது. அதைப் பொறுக்கும் கையை மட்டும் இன்னும் குப்பையாக நடத்தலாகாது.

நான்காவதாக, தார் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் பூட்ஸ், கையுறை, முகமூடி, குடிதண்ணீர், நிழல், பெண்களுக்குக் கழிப்பிடம் ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி, கொடுக்காவிட்டால் பில்லை நிறுத்த வேண்டும். 1979ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் இருந்த காலத்திலும் பெரும்பாலான மேஸ்திரிகள் பதிவேடு வைக்கவில்லை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு அந்தச் சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். பதிவேட்டில் நம் பெயர் ஏற வேண்டும். கேரள அரசு 2010இல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக ஒரு நலத்திட்டத்தைத் தொடங்கியது என்பதையும் நம்மில் பலர் அறியவில்லை. இந்தத் திட்டங்களில் சேருவதற்கு நம் சங்கம் உதவும்.

ஐந்தாவதாக, 2021 முதல் கேரளப் பொதுப்பணித்துறை, பராமரிப்புப் பொறுப்புக் காலம் முடியாத சாலைகளில் காண்ட்ராக்டரின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிய பலகைகளை வைக்கத் தொடங்கியது. நல்ல காரியம். நம் பகுதியில் அந்தப் பலகைகளைத் தமிழிலும் எழுத வேண்டும். தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்பதைக் கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே ஏற்றுக்கொண்டது. எந்தப் புதிய சட்டம் வந்தாலும் அந்த உரிமையில் ஓர் எழுத்தும் குறையக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை எழுதியதோடு நம் கடமை முடிந்துவிடாது. நம் வீட்டுக் குப்பையை நாமே ஓடையில் எறிந்துவிட்டு அரசைக் குறை சொல்ல முடியாது. பையையும் உறையையும் கழுவி உலர்த்தித் தனியாக வைப்போம். பைப்பையும் பேனரையும் அதில் கலக்காமல் இருப்போம். குளிருக்கும் கொசுவுக்கும் டயரை எரிக்கும் பழக்கத்தை விடுவோம். நம்மில் லாரி ஓட்டும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை: சாலை எவ்வளவு மென்மையாக இருந்தாலும், நடுராத்திரியில் பலகுரல் ஹாரனை அழுத்தினால் எல்லாம் வீண். அந்த ஹாரன் சட்டப்படியும் குற்றம். நீங்கள் தாண்டிப் போகும் குடிசையில் தூங்குவது உங்கள் அக்காவின் குழந்தை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கிராமசபை கூடும் நாளில் கூலி போய்விடுமே என்று நாம் வீட்டிலும் தோப்பிலும் இருந்துவிடுகிறோம். தீர்மானம் நம் இல்லாமலே நிறைவேறுகிறது. இந்த முறை ஒவ்வொரு வார்டிலிருந்தும் பத்துப் பேராவது போவோம். பெண்கள் முன்னால் நிற்கட்டும். இரவில் எத்தனை முறை குழந்தை எழுந்தது என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக் கூடியவர் யார்? சங்கத்தின் சார்பில் சாலையோரக் குடும்பங்களின் கையெழுத்துகளை வாங்கி, மேற்கண்ட ஐந்து கோரிக்கைகளையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிப் பஞ்சாயத்துக்கும் பொதுப்பணித்துறைக்கும் கொடுக்கவிருக்கிறோம். மலையாளத் தோழர்களின் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும்.

சாலை போட்டவர்கள் நாம். அதன் ஓரத்தில் தூங்க முடியாமல் கிடப்பவர்களும் நாம். ஊர் ஒதுக்கிய குப்பையைப் பொறுக்குபவர்களும் நாமே. அந்தக் குப்பையிலிருந்தே உறுதியான, ஓசை குறைந்த சாலை போட முடியும் என்று விஞ்ஞானம் சொல்லும்போது, அதைக் கேட்டுப் பெறும் முதல் உரிமை நமக்கன்றி வேறு யாருக்கு?

கேட்போம். ஒன்றுபட்டுக் கேட்போம். கிடைக்கும்வரை கேட்போம்!